யார் இந்த லிட்டில் சிம்ஸ்? பெரிய கம்பெனி தயவில்லாமல் ஜெயித்த லண்டன் ராப்பர் கொடுத்த விலை என்ன?

2022 ஏப்ரலில், லண்டனைச் சேர்ந்த ராப் பாடகி லிட்டில் சிம்ஸ் தன் அமெரிக்க டூரை ரத்து செய்தார். சொன்ன காரணம், பணம். சுயாதீனக் கலைஞர் என்பதால் மேடைச் செலவு மொத்தமும் தன் கைக்காசு, ஒரு மாதம் அமெரிக்காவைச் சுற்றினால் பெரிய நஷ்டத்தில்தான் போய் நிற்கும் என்றார்.

இத்தனைக்கும் அந்தப் பிப்ரவரியில்தான் சிறந்த புதிய கலைஞருக்கான பிரிட் விருதை வாங்கியிருந்தார். அக்டோபரில் மெர்க்குரி பரிசும் வந்தது. விருது மேல விருது வாங்கினவருக்கு டூர் போகக் காசு இல்லையா? எப்படி?

யார் இவர்?

இயற்பெயர் சிம்பியாட்டு அஜிகாவோ. செல்லமாக சிம்பி. 1994-ல் வடக்கு லண்டனின் இஸ்லிங்டனில், நைஜீரியாவின் யொருபா வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். அங்குள்ள ஒரு யூத் கிளப்தான் ஆட்டம், பாட்டு, ராப் எல்லாவற்றுக்கும் முதல் மேடை. டீன் ஏஜிலேயே மிக்ஸ்டேப்களை வெளியிட ஆரம்பித்துவிட்டார். நெட்ஃபிளிக்ஸில் 'டாப் பாய்' பார்த்தவர்களுக்கு, அதில் ஷெல்லியாக நடித்தவர் இவர்தான்.

'சுயாதீனம்' அப்படின்னா என்ன?

வழக்கமாக பெரிய இசை நிறுவனம் ஒன்று கலைஞருக்கு அட்வான்ஸ் கொடுக்கும். பாட்டு விற்கும்போது, அந்தப் பணத்தைக் கலைஞரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும். பல ஒப்பந்தங்களில் ஒலிப்பதிவின் உரிமையும் நிறுவனத்துக்கே போய்விடும்.

சிம்ஸ் இந்த வழியில் போகவில்லை. 'ஏஜ் 101 மியூசிக்' என்று சொந்த லேபிள் தொடங்கி, 2015-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். பிறகு விநியோகத்துக்கு 'அவால்' நிறுவனத்துடன் கைகோத்தார். என்ன பாடுவது, எப்படிப் பாடுவது என்ற முடிவு தன் கையில். செலவும்தான்.

இசையில் என்ன விசேஷம்?

ஒரே வகைக்குள் இவரை அடைக்க முடியாது. 2019-ல் வந்த 'கிரே ஏரியா'வில் பேஸ் கிடாரும் டிரம்ஸும் அதிரும். 2021-ல் வந்த 'சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவர்ட்' ஆர்கெஸ்ட்ரா, கோரஸ், சோல், நைஜீரிய ஆஃப்ரோபீட், எண்பதுகளின் சிந்த் என்று தாவும். தலைப்பின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'சிம்பி'. மெர்க்குரி பரிசு வாங்கித் தந்தது இந்த ஆல்பம்தான்.

அப்போ சிக்கல் எங்கே?

இங்கேதான். லேப்டாப்பும் மைக்கும் மட்டும் வைத்து இப்படிப்பட்ட இசையை மேடையேற்ற முடியாது. வாத்தியக்காரர்கள் வேண்டும். ஆளுக்கு ஆள் விசா, விமான டிக்கெட், ஹோட்டல், சம்பளம். லேபிள் இருந்தால் முன்பணம் போடும். இல்லையென்றால் நீங்களே போட வேண்டும். மெர்க்குரி பரிசுத் தொகை 25,000 பவுண்டு. ஒரு பேண்டை அழைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்ற, அது எத்தனை நாள் தாங்கும்?

அதற்குப் பிறகு?

2022 டிசம்பரில் வந்த 'நோ தேங்க் யூ', இசைத் துறை கலைஞர்களை நடத்தும் விதத்தையே கேள்வி கேட்டது. 2024-ல் கிளாஸ்டன்பரி திருவிழாவின் பிரதான பிரமிட் மேடையில் பாடினார்.

ஆனால் பணப் பிரச்சனை வேறு ரூபத்தில் திரும்பியது. கடனாகக் கொடுத்த பணம் திரும்ப வரவில்லை என்று, தன் முக்கிய ஆல்பங்களின் தயாரிப்பாளரும் சிறு வயது நண்பருமான இன்ஃப்ளோ மீது அவர் வழக்குத் தொடர்ந்தது 2025-ல் செய்தியானது. அதே ஆண்டு வந்த 'லோட்டஸ்' ஆல்பத்தை இன்ஃப்ளோ இல்லாமலே முடித்தார்.

புதுசா கேட்கிறவங்க எங்கே தொடங்கலாம்?

'கிரே ஏரியா'. மொத்தம் 10 பாட்டு, சுமார் 35 நிமிடம். பிடித்திருந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'இன்ட்ரோவர்ட்' பக்கம் போங்க. டூர் பில் ஏன் அவ்வளவு எகிறியிருக்கும் என்பது அதைக் கேட்டாலே புரியும்.