புதிய கார் ஓடப் பழகினால் இன்னும் நன்றாக ஓடுமா?

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் புதிய கார் வாங்குவது பெரிய முடிவு. வந்த புதிதில் மூன்றாம் கை, நான்காம் கைக் கார்களில் வேலைக்கு ஓடியவர்கள், பல ஆண்டுகள் கழித்து, மீற்றரில் இருபது கிலோமீற்றர்கூடக் காட்டாத ஒரு காரின் சாவியை முதன்முதலாகக் கையில் வாங்குகிறார்கள். அன்றைக்கே அறிவுரைகளும் வரத் தொடங்கிவிடும். "முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு மிதிக்காதை தம்பி" என்பார் பெரியப்பா. "இந்தக் காலத்துக் கார்களுக்கு அதெல்லாம் தேவையில்லை" என்பார் விற்பனையாளர். "ஐயாயிரம் ஓடட்டும், பிறகு பார், பெற்றோலும் குறையும், இழுவையும் கூடும்" என்பார் வேலைத்தள நண்பர்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. புதிய எஞ்சின் ஓடப் பழகுவது உண்மை. அதனால் கிடைக்கும் முன்னேற்றமும் உண்மை, ஆனால் அது நாம் நினைப்பதைவிடச் சிறியது. இதில் நாம் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. காரில் உண்மையான பழுது ஒன்று இருக்கும்போது, "இன்னும் பழகவில்லை, ஓட ஓடச் சரியாகும்" என்று காத்திருந்து, சட்டம் தந்த காலத்தைத் தவறவிடக்கூடாது.

ஊரிலிருந்து வந்த அறிவு

பெரியப்பாவின் அறிவுரைக்கு வேர் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் பல பத்து ஆண்டுகள் ஓடின. எஞ்சின் தேய்ந்தால் கராச்சில் இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்ரனும் றிங்கும் போட்டுத் திரும்ப ஏற்றுவார்கள். அதன்பின் சில நூறு மைலுக்கு "ரன்னிங் இன்" என்று மெதுவாக ஓட்டி, ஒயிலையும் மாற்றுவார்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சின்களைத் திருத்தியதும் அதே கைகள்தான்.

இது எம்மவரின் வழக்கம் மட்டுமல்ல. 1950களில் பிரித்தானியாவில் புதிய காரின் பின்கண்ணாடியில் "ரன்னிங் இன், தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். பிரான்சில் இதை "ரொடாஜ்" என்பார்கள், ஜேர்மன் மொழியில் "ஐன்ஃபாரன்", கனடாவில் "பிரேக் இன்". சொல் வேறு, செய்தி ஒன்று.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

பெற்றோலும் காற்றும் எரியும்போது உருவாகும் அழுத்தமே பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. அந்த அழுத்தம் பக்கவாட்டில் கசிந்து வெளியேறாமல் அடைத்துப் பிடிப்பவை பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங்குகள். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்காது. தொழிற்சாலையிலேயே அதில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கோடுகள் கீறப்படுகின்றன. ஒயில் அந்தக் கோடுகளுக்குள் தங்கிச் சுவரை நனைத்துவைக்கும்.

புதிய எஞ்சினில் அந்தக் கோடுகளின் மேல்நுனிகள் சற்றுக் கூர்மையாக இருக்கும். ஓட ஓட நுனிகள் தேய்ந்து மட்டமாகும், றிங் சுவரோடு ஒட்டி அமரும். அமர்ந்தபின் அழுத்தக் கசிவு குறையும், ஒயில் எரிவதும் குறையும், உராய்வும் குறையும். எஞ்சின் பழகுவது என்பது பெரும்பாலும் இதுதான். கியர்ப்பெட்டியின் பற்களும் தாங்கிகளும்கூட இதே காலத்தில் தங்கள் இடத்தில் அமர்கின்றன.

றிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவதில் எரிவாயுவின் அழுத்தத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆகவே எஞ்சினுக்குச் சுமையே கொடுக்காமல் ஓட்டினால் றிங் சரியாக அமராது. தொடக்கத்திலேயே உச்சச் சுமை கொடுத்தால் உராய்வுச் சூடு கூடிச் சுவரைக் கெடுக்கலாம். நடுத்தரச் சுமையில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவதே நல்லது.

பழைய எஞ்சின்களை அவ்வளவு பொத்திப் பார்த்ததற்குக் காரணம், அன்றைய கடைசல் வேலையின் நுட்பம் குறைவு. இன்று உட்சுவரின் நுனிகளைத் தொழிற்சாலையிலேயே ஓரளவு மட்டப்படுத்தி அனுப்புகிறார்கள். பழகும் வேலையின் பெரும்பகுதி கார் எம் கைக்கு வருமுன் முடிந்துவிடுகிறது. விற்பனையாளரின் பேச்சில் உள்ள உண்மை அவ்வளவுதான். மீதி வேலை எம்முடையது.

முன்னேற்றம் எவ்வளவு?

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல் தளம், எஞ்சின் பழகும்வரை புதிய கார் தன் முழுச் சிக்கனத்தைக் காட்டாது என்றும், அதற்கு 3000 முதல் 5000 மைல் வரை, அதாவது ஏறக்குறைய 4800 முதல் 8000 கிலோமீற்றர் வரை ஆகலாம் என்றும் சொல்கிறது. ஐரோப்பாவில் எரிபொருள் செலவை அளக்கும் டபிள்யூ.எல்.ரி.பி. சோதனைக்கும் புத்தம் புதிய காரைக் கொண்டுபோக மாட்டார்கள். 3000 முதல் 15,000 கிலோமீற்றர் வரை ஓடிய காரையே சோதிப்பார்கள். ஆகவே நண்பர் சொல்லும் ஐயாயிரம் கற்பனைக் கணக்கு அல்ல.

ஆனால் அளவைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த காரைச் சோதிக்க நேர்ந்தால், அதன் கரியமில வாயு அளவை 0.98 ஆல் பெருக்கிக்கொள்ள ஐரோப்பிய விதி இடம் தருகிறது. எரியும் பெற்றோலின் அளவைப் பொறுத்தே கரியமில வாயு வெளிவரும். ஆகவே பழகுவதால் கிடைக்கும் பொதுவான ஆதாயமாக விதி ஏற்றுக்கொள்வது நூற்றுக்கு இரண்டு.

நூறு கிலோமீற்றருக்கு 7 லீற்றர் குடிக்கும் கார் ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடினால் 1050 லீற்றர் தேவை. அதில் இரண்டு வீதம் 21 லீற்றர். வருடம் முழுவதற்குமான சேமிப்பு ஒரு சாதாரணக் காரின் தாங்கியில் பாதிகூட இல்லை. இழுவை கூடுவதும் இப்படித்தான். காலால் உணர்வது கடினம்.

அப்படியானால் பலர் பெரிய வித்தியாசத்தைச் சொல்வது ஏன்?

முதற்காரணம் குளிர். அதே அமெரிக்கத் தகவலின்படி, 25 பாகை வெப்பத்தில் ஓடும் பெற்றோல் காரோடு ஒப்பிட்டால், நகர ஓட்டத்தில் மறை 7 பாகைக் குளிரில் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய 15 வீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீற்றர் குறுகிய ஓட்டங்களில் 24 வீதம் வரை குறையலாம். ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ டிசம்பரில் கார் எடுத்தவருக்கு மே மாதத்தில் பெற்றோல் செலவு தெளிவாகக் குறையும். மீற்றரும் அப்போது ஐயாயிரத்தைத் தாண்டியிருக்கும். எஞ்சின் பழகிவிட்டது என்று அவர் மகிழ்வார். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்தது வெயில். ஜூலையில் வாங்கியவரோ ஜனவரியில், "கார் கெட்டுப்போச்சு" என்று கவலைப்படுவார்.

இரண்டாவது, பழகுவது கார் மட்டுமல்ல, நாமும்தான். எங்கே மிதிக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்று கால் கற்றுக்கொள்கிறது. பல தானியங்கிக் கியர்ப்பெட்டிகளின் கணினியும் ஓட்டத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

உண்மையை அறிய விரும்பினால் தாங்கியை நிரப்பி மீற்றரைக் குறித்துவையுங்கள். அடுத்தமுறையும் முழுதாக நிரப்பி, ஊற்றிய லீற்றரை ஓடிய கிலோமீற்றரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மூன்று நான்கு தாங்கிகளின் சராசரியை, அடுத்த ஆண்டின் அதே மாதத்துச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ரயர்க் காற்றும் ஒரே அளவில் இருக்கட்டும்.

கையேடுகள் சொல்வது

பழக்கும் காலம் தேவையில்லை என்பவர்கள் காரோடு வரும் கையேட்டைத் திறந்து பார்க்கவேண்டும்.

ரொயோட்டாவின் கையேடுகள் முதல் 300 கிலோமீற்றருக்குத் திடீர்ப் பிரேக்கைத் தவிர்க்கவும், முதல் 800 கிலோமீற்றருக்கு ட்ரெயிலர் இழுக்காமல் இருக்கவும் சொல்கின்றன. முதல் 1000 கிலோமீற்றருக்கு மிகை வேகமும் திடீர் மிதிப்பும் கூடாது, நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டவும் கூடாது. ஹொண்டாவும் முதல் 1000 கிலோமீற்றருக்கு முழு மிதிப்பைத் தவிர்க்கச் சொல்கிறது. வொக்ஸ்வாகன் முதல் 1000 கிலோமீற்றரில் எஞ்சின் சுற்று உச்சத்தின் மூன்றில் இரண்டைத் தாண்டக்கூடாது என்கிறது. பிஎம்டபிள்யூ பெற்றோல் கார்களுக்கு 2000 கிலோமீற்றர் வரை நிமிடத்துக்கு 4500 சுற்றும் மணிக்கு 160 கிலோமீற்றரும் எல்லை. மாதிரிக்கு மாதிரி எண்கள் மாறலாம், உங்கள் காரின் கையேடே முடிவானது.

ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக்கூடாது என்பது எம்மவர் அடிக்கடி மறப்பது. கார் எடுத்த வார இறுதியிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு 540 கிலோமீற்றரை வேகக்கட்டுப்பாட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடுவோம். போகத்தான் வேண்டுமென்றால் பொத்தானை விட்டுவிட்டு, வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஓட்டலாம். இடையில் நின்றும் போகலாம்.

ஒயிலைப் பற்றியும் ஒரு சொல். ஊர் வழக்கப்படி சில நூறு கிலோமீற்றரில் மாற்றவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹொண்டா குறித்த காலத்துக்கு முன் மாற்றவேண்டாம் என்கிறது. பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கோ 2000 கிலோமீற்றரில் கட்டாயப் பராமரிப்பு உண்டு. செயற்கை ஒயில் ஊற்றினால் றிங் அமராது என்பதும் பழைய நம்பிக்கை. செவ்ரோலே கோர்வெட் 1992 இலிருந்து செயற்கை ஒயிலோடுதான் தொழிற்சாலையை விட்டு வருகிறது. முக்கியமானது ஒயில் மட்டத்தைப் பார்ப்பது. வொக்ஸ்வாகன் கையேடுகளே முதல் 5000 கிலோமீற்றரில் ஒயில் செலவு கூடலாம் என்கின்றன. முதல் சில மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ரயரும் பிரேக்கும் மின்கார்களும்

புதிய ரயரின் மேற்பரப்பு முதலில் வழுக்கும். புதிய பிரேக் கட்டைகளும் தட்டோடு பொருந்தும்வரை முழுப் பிடிப்பைத் தரமாட்டா. இரண்டுக்கும் சில நூறு கிலோமீற்றர் வேண்டும். முன்னே போகும் வாகனத்துக்கு இடைவெளி கூட விடுங்கள். எஞ்சின் பழகுவது இரண்டு வீத விடயம், இது உயிர் விடயம்.

நோர்வேயில் 2024 இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 வரை மின்கார்கள். அவற்றில் பிஸ்ரனும் இல்லை, றிங்கும் இல்லை, எஞ்சினைப் பழக்கும் காலமும் இல்லை. ஆனால் ரயரும் பிரேக்கும் அவற்றுக்கும் புதியவைதான். மற்றது, மின்கலம் ஓட ஓடக் கூடுவதில்லை, மெல்லக் குறைவதே அதன் இயல்பு.

"பழகிவிடும்" என்று விடக்கூடாதவை

முதல் சில நாட்கள் புகைபோக்கிப் பக்கமிருந்து மெல்லிய எரிந்த வாடை வருவது வழக்கம், அது பூச்சு காய்வதால். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிவது, சூடேறுவது, நீலப் புகை, கியர் மாறும்போது உதறுவது, பிரேக்கில் ஒரு பக்கம் இழுப்பது, ஒயில் வேகமாகக் குறைவது ஆகிய எதுவும் பழகாததன் அறிகுறி அல்ல. விற்ற இடத்தில் "ஓடட்டும் பார்ப்போம்" என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் போதும்.

நாட்கள் ஓடுவது எமக்கு எதிராகத்தான். பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய கார் பழுதானதென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதன்பின் ஆறு மாதம் வரை தெரியவரும் பழுது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், இல்லையென்று நிறுவவேண்டியது விற்றவர். ஜேர்மனியில் இந்தப் பொறுப்பு 2022 இலிருந்து ஒரு வருடம். கனடாவில், பங்குபெறும் உற்பத்தியாளர்களின் கார்களுக்கு, நீதிமன்றம் போகாமல் தீர்க்கும் காம்வாப் என்ற நடுவர் திட்டம் இருக்கிறது.

உரிமையைக் கேட்க மொழி தடையாக இருக்கிறது என்று எமது மூத்தவர்கள் ஒதுங்குவதுண்டு. கையேடும் ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ இருக்கும், பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வீட்டில் அந்த மொழி படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிய காரைப் பழக்குவது பற்றிய இரண்டு பக்கங்களையும், உத்தரவாத நிபந்தனைகளையும் ஒரு மாலையில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சிலிண்டர் கடைந்த கராச்சைப் பார்த்து வளர்ந்த பெரியப்பாவுக்கு அதில் விளங்காத சொல் அதிகம் இராது.