ஃபிலிம் கழுவிய கைகளும் விழிஞ்ஞம் கரையும்

'ஃபிலிம் கழுவுவது' என்று நம்ம ஊரில் சொல்வோம். டொராண்டோவில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இந்தச் சொல் ஒரே வேடிக்கை. அழுக்கான ஃபிலிமைத்தான் கழுவுவார்களா என்று கேட்கிறாள் :-). ஆனால் நம் ஆட்கள் வைத்த பெயர் சரியான பெயர்தான். பொத்தானை அமுக்குவது ஒரு நொடி. அதன்பின் நடப்பதெல்லாம் தண்ணீர் வேலை. இந்தப் பதிவு அந்தத் தண்ணீர் வேலையைப் பற்றியது. கூடவே விழிஞ்ஞத்தைப் பற்றியும்.

நான் குமரி மாவட்டத்துக்காரன். விழிஞ்ஞம் அயல் மாநிலத்து ஊர் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் நினைத்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவனந்தபுரத்துக்காரர்களும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தோம். இன்னும் பின்னால் போனால் இரண்டும் ஆய் நாடு. முஞ்சிறைப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் கட்டி, 95 மாணவர்கள் படிக்கச் சாலை ஒன்றை நிறுவிய கருநந்தடக்கனின் செப்பேடு கி.பி. 866-ஐச் சேர்ந்தது. அந்த ஆய் மன்னர்களின் துறைமுகம் விழிஞம். பாண்டியன் நெடுஞ்சடையன் அதன்மேல் படை நடத்தினான். ராஜராஜனின் படையும் வந்தது. கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. அங்கே ஒரு சின்னக் குடைவரைக் கோயில் உண்டு. வாசலின் ஒரு பக்கம் வில்லேந்திய சிவன், மறுபக்கம் பார்வதியோடு ஆடும் சிவன். இரண்டு சிற்பமும் பாதியில் நிற்பவை.

என் சித்தப்பா பள்ளிக்கூட வாத்தியார். 1971 முதல் 1984 வரை, விடுமுறை கிடைத்தால் பஸ் பிடித்து விழிஞ்ஞம் போய்விடுவார். தோளில் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. திரும்பி வந்து ராத்திரி அடுக்களையில் தானே ஃபிலிம் கழுவுவார். அவர் விட்டுப்போனது 43 சுருள் நெகடிவும், தேதி எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும். இப்போது அவை என்னிடம் இருக்கின்றன.

படத்தை அவரே ஏன் கழுவினார்? இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

புகைப்படக் கலையின் முதல் அரை நூற்றாண்டில் 'எடுப்பவர் வேறு, கழுவுபவர் வேறு' என்ற பேச்சே கிடையாது. 1839-இல் புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுத்துவிட்டுப் படத்தை நிலைநிறுத்த ஹைப்போ என்ற ரசாயனம் உதவும் என்று கண்டவர் ஜான் ஹெர்ஷல். இன்றுவரை அந்த வேலைக்கு அதே குடும்பத்து ரசாயனங்கள்தான். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றினார். அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகடிவ். ரசாயனம், தண்ணீர், இருட்டு எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார் அவர். திருவிதாங்கூரில் 1900 வாக்கில் அரசுப் புகைப்படக்காரராக இருந்தவர் ஸக்கரியா டி குரூஸ். அவருடைய திருவிதாங்கூர்க் காட்சிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

1888-இல் ஈஸ்ட்மன் கோடக் கேமராவைக் கொண்டுவந்தார். நீங்கள் பொத்தானை அமுக்கினால் போதும், கேமராவோடு கம்பெனிக்கு அனுப்பினால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எடுப்பதும் கழுவுவதும் அன்றைக்குப் பிரிந்தன.

நம்ம ஊர் நடுத்தர வீட்டுக்கு இந்தச் சௌகரியம் மெதுவாகத்தான் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளிநாட்டு ஃபிலிமும் கேமராவும் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விலை. அதனால்தான் மத்திய அரசு 1960-இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. தொழில்நுட்ப உதவி பிரான்சின் பாஷே கம்பெனி. உற்பத்தி 1967-இல் ஆரம்பம். ஏன் ஊட்டி? ஃபிலிம் மேல் பூசும் ஜெலட்டினுக்குச் சூடும் தூசியும் ஆகாது. குளிர்ந்த, சுத்தமான காற்று வேண்டும். 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பிரிண்ட் தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தன. இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பில் செய்த சரக்குக்குப் பொருத்தமான பெயர்! தொழிற்சாலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பேர்.

கேமராவும் இங்கேயே செய்ததுதான். பரோடாவில் ஆக்ஃபா உரிமத்தில் செய்த கிளிக் 3-ஐ நம்மில் பலருடைய வீட்டுப் பழைய பெட்டியில் பார்க்கலாம். வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை, அவ்வளவுதான். ஒரு சுருளுக்கு 12 படம்.

ஆக, வாத்தியார் சம்பளத்தில் படம் எடுக்க வழி பிறந்தது. ஸ்டூடியோவில் கொடுத்தால் கழுவும் கூலி, பிரிண்ட் கூலி. வீட்டில் செய்தால் ரசாயனக் காசு மட்டும். சித்தப்பாவின் நோட்டில் முதல் பக்கமே டி-76 டெவலப்பர் கணக்குதான். கோடக் 1927-இல் கொண்டுவந்த சேர்மானம் அது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். தராசும் கண்ணாடிப் புட்டியும் இருந்தால் யாரும் கலக்கலாம்.

சிக்கல் அதில் இல்லை, தண்ணீரில்தான். புத்தகத்தில் எழுதியிருப்பது 20 டிகிரிக்கான நேரம். எங்கள் ஊர்த் தண்ணீர் சாதாரணமாக 28 டிகிரி. எட்டொன்பது நிமிடத்தில் ஆக வேண்டியது ஏறத்தாழ பாதி நேரத்தில் முடிந்துவிடும். அரை நிமிடம் தப்பினால் நெகடிவ் கறுத்துப் போகும். இன்னும் சூடு ஏறினால் ஜெலட்டின் இளகி ஓரத்தில் சுருங்கிப் பிதுங்கும். மண்பானைத் தண்ணீர் எடுக்கலாம் என்பீர்கள். உள்நாட்டில் அது நன்றாகக் குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், பானைத் தண்ணீர் அவ்வளவு குளிராது. அதனால் சித்தப்பா ஐஸ் வாங்கி வந்து, அதற்குள் டெவலப்பர் புட்டியை நிறுத்தி வைப்பார். ஹைப்போவில் கொஞ்சம் படிகாரம் சேர்ப்பார். முடிவெட்டும் கடையில் சவரம் முடிந்து கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். அது ஜெலட்டினை இறுக்கும்.

நான் இங்கே வீட்டின் அடித்தளக் குளியலறையில் கழுவுகிறேன். ஜனவரியில் குழாயில் வருவது விரலை மரக்க வைக்கும் தண்ணீர். அவர் குளிர வைக்கப் பாடுபட்டார், நான் சூடாக்கப் பாடுபடுகிறேன். இருவருக்கும் வேண்டியது அதே 20 டிகிரி.

சரி, அந்த 43 சுருளில் என்ன இருக்கிறது?

வரிசையாகக் கட்டுமரங்கள். ப்ளைவுட் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் பரவுவதற்கு முந்திய கரை அது. கடலைப் பார்த்து நிற்கும் பள்ளிவாசலும் மாதா கோயிலும். 1972-இல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம் புதுச் சுண்ணாம்போடு. குடைவரை வாசலில் நிற்கும் பிள்ளைகள். வலை உலர்த்தும் பெண்கள். பாறைகளுக்குக் கீழே அகலமான மணல்.

அந்த மணலை இன்று தேடினால் கிடைக்காத இடங்கள் உண்டு. 2015 டிசம்பரில் சர்வதேசத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. கடலுக்குள் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர். கரை அரிக்கிறது, வீடுகள் போகின்றன என்று 2022 ஆகஸ்டில் மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். டிசம்பரில்தான் அது முடிந்தது. அரிப்புக்குத் துறைமுகம் காரணமில்லை என்பது மறுதரப்பு வாதம். 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆய் மன்னர் காலத்துத் துறைமுகம் மறுபடி பெரிய துறைமுகம் ஆகிவிட்டது என்று பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெருமைக்குத் தங்கள் மணலைக் கொடுத்தோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வழக்கில் பழைய படம் சாட்சி சொல்லுமா? சொல்லும், ஆனால் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கேரளக் கரை தேயும். மழை ஓய்ந்தபின் மணல் பெரும்பாலும் திரும்பி வரும். பிப்ரவரியில் எடுத்த பழைய படத்தையும் ஜூலையில் எடுத்த புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து 'பாருங்கள் அநியாயத்தை' என்றால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது. பிப்ரவரிக்குப் பிப்ரவரி வைக்க வேண்டும். இங்கேதான் வீட்டில் கழுவியவரின் மதிப்பு தெரிகிறது. ஸ்டூடியோப் பிரிண்டில் பெரும்பாலும் தேதி இருக்காது. சித்தப்பாவின் நோட்டில் ஒவ்வொரு சுருளுக்கும் தேதி, நேரம், வெயில், தண்ணீர்ச் சூடு எல்லாம் இருக்கிறது. டெவலப்பர் நேரம் கணக்குப் போட எழுதிய குறிப்பு, இன்றைக்குக் கரையின் கணக்குக்கு உதவுகிறது. சுருளை வெட்டாமல் வைத்திருப்பதால் எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் என்பதும் மாறாது.

இந்தப் படங்களை எல்லோரோடும் பகிர ஆசைதான். ஆனால் அதில் இருப்பவர்கள் யாரோ அல்ல, அந்தக் கரையின் மனிதர்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 2023-இல் ஊருக்குப் போனபோது 60 பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். துறைமுகப் பக்கம் ஒரு டீக்கடையில் வைத்துப் பரப்பினேன். பத்து நிமிடத்தில் கூட்டம். ஒரு பெரியவர் கட்டுமரத்தைப் பார்த்தே ஆட்களைப் பேர் சொன்னார். ஒரு அம்மா, வலையோடு நிற்கும் ஒருவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவருடைய அப்பாவாம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வீட்டில் ஒரு படம்கூட இல்லையாம். பிரிண்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, விலை எவ்வளவு என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் இந்தக் கரையிலும் எங்கள் தூத்தூர்க் கரையிலும் எத்தனை வீட்டில் படத்தை மட்டும் மிச்சம் வைத்தது என்பதை நினைத்துக்கொண்டேன்.

ஊட்டித் தொழிற்சாலை 1990-களின் நடுவில் நலிந்த நிறுவனம் ஆனது. கலர் ஃபிலிமும், பிறகு டிஜிட்டலும் அதை எழவிடவில்லை. 2014-இல் ஊழியர்களுக்கு ஓய்வுத் திட்டம் கொடுத்தார்கள், பிறகு மூடியேவிட்டது. கோடாக்ரோம் கழுவிய கடைசிக் கடையும் 2010 முடிவோடு அந்த வேலையை நிறுத்தியது. ஆனால் கறுப்பு வெள்ளை சாகவில்லை. இங்கே இருபது வயதுப் பிள்ளைகள் பழைய கேமரா வாங்கி வீட்டிலேயே கழுவுகிறார்கள். கலருக்கு மெஷின் வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைக்கு ஒரு டேங்கும் இருட்டும் போதும்.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் ஸ்டீல் பீரோவில் அம்மா பூட்டி வைத்திருக்கும் நெகடிவ் கவர்கள் மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். ஈரக்காற்றில் ஜெலட்டின் மேல் பூஞ்சை பிடிக்கும். ஃபிலிமின் அடித்தாளே சிதையத் தொடங்கினால் வினிகர் வாசனை வரும். அந்த வாசனை வரும் சுருளை மற்றவற்றிடமிருந்து உடனே பிரியுங்கள், தொற்றும். பிளாஸ்டிக் உறையிலிருந்து காகித உறைக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்தபின்னும் நெகடிவைத் தூக்கிப் போடாதீர்கள். முக்கியமாக, படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்த மாதம் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். வெள்ளி நூறு வருடம் தாங்கும். பேர் சொல்லும் ஆள் அத்தனை நாள் இருக்க மாட்டார்.