நிபந்தனையும் அளவும்: ஓர் ஆங்கிலப் பயிற்சியின் வரலாறு

ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் கோடிட்ட இடங்களை நிரப்பும்போது இரண்டு இடங்களில் பெரும்பாலும் இடறுகின்றனர். ஒன்று, 'ஃபியூ', 'எ ஃபியூ', 'லிட்டில்', 'மெனி', 'மச்' முதலிய அளவுச் சொற்கள். மற்றொன்று, 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியங்கள். பயிற்சி நூல்கள் இவற்றை வாய்பாடுகளாக்கி, மனப்பாடம் செய்யச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. இந்தப் பயிற்சிமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான பகுதி ஜப்பானில் நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஜப்பானியக் கல்வித்துறையின் அழைப்பை ஏற்று 1922இல் தோக்கியோ சென்றார் ஹெரால்டு பாமர். அடுத்த ஆண்டே அங்கு ஆங்கிலக் கற்பித்தலை ஆராய ஒரு நிறுவனம் தோன்றியது. ஒரே வாக்கியச் சட்டத்தில் சொற்களை மாற்றி மாற்றி வைத்து நூற்றுக்கணக்கான வாக்கியங்களை ஆக்கும் பதிலீட்டு அட்டவணையைப் பரப்பியவர் அவர். 1924இல் ஜப்பான் சென்று ஆசிரியரான ஏ. எஸ். ஹார்ன்பி அப்பணியில் இணைந்தார். ஹார்ன்பி மற்ற இருவரோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளியாயிற்று; 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதனை மீண்டும் வெளியிட்டது. எண்ணக்கூடிய பெயர் எது, எண்ண இயலாத பெயர் எது என்று குறியிட்டுக் காட்டியது அவ்வகராதியின் சிறப்பு. ஜப்பானிய மொழியில் பெயர்கள் பொதுவாகப் பன்மை விகுதி ஏற்பதில்லை. 'மெனி' எங்கே, 'மச்' எங்கே என்று மயங்கும் அம்மாணவர்க்கு அக்குறியீடு பெருந்துணையாக இருந்திருக்கும். கற்பவரின் மொழியைக் கண்முன் கொண்டு ஆங்கிலத்தைப் பார்த்ததன் பயன் இது.

வாக்கிய அமைப்புகளை எளிமை, அருமை நோக்கி வரிசைப்படுத்திப் பயிற்றும் 'அமைப்பு முறை' பின்னர் நம் மண்ணுக்கும் வந்தது. 1959இல் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஓர் இயக்கம் தொடங்கிற்று. தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது அதன் இலக்கு. பயிற்சி பெற்றவர் பிறர்க்குப் பயிற்சி அளிக்க, அவர் மேலும் பலர்க்கு அளிப்பதால், உருளும் பனிப்பந்து பெருப்பதுபோல் பெருகும் என்று கருதி அதனை 'மதராஸ் பனிப்பந்து' என்றே அழைத்தனர்.

அமைப்பு முறையில் நன்கு தேறிய மாணவரும் வகுப்புக்கு வெளியே தடுமாறுவதை ஆசிரியர்கள் கண்டனர். அந்த ஐயத்திலிருந்து எழுந்தது என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம். பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் பள்ளி வகுப்புகளில் அது சோதிக்கப்பட்டது. இலக்கண வரிசை நீங்கியது. ரயில் கால அட்டவணையைப் படித்து எந்த வண்டியில் ஏறலாம் என்று கண்டறிவது போன்ற செயல்கள் பாடமாயின. பொருளில் மனம் ஊன்றினால் இலக்கணம் தானே படியும் என்பது பிரபுவின் கருத்து. 1987இல் அவர் எழுதிய நூல் வழியாக உலகெங்கும் அது விவாதிக்கப்பட்டது.

ஒன்றையொன்று மறுத்த இவ்விரு முறைகளும் ஓரிடத்தில் ஒத்திருந்தன. மாணவர் தம்முடன் கொண்டுவரும் தமிழின் இலக்கணம் இரண்டிலும் பாடத்தின் அடிப்படையாகவில்லை. இதனால் நாம் இழந்தது சிறிதன்று.

'பணம் இருந்தால் வாங்குவேன்' என்கிறோம். நாளை பணம் வரக்கூடும் என்பவரும் இதையே சொல்வார். கையில் காசில்லாது ஏங்குபவரும் இதையே சொல்வார். தமிழ் இவ்வேறுபாட்டைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. ஆங்கிலமோ முன்னதற்கு 'ஹேவ்', 'வில்' என்றும், பின்னதற்கு 'ஹேட்', 'வுட்' என்றும் வினைவடிவிலேயே பிரித்துக் காட்டுகிறது. மாணவர் இடறும் கல் இதுதான். ஆனால் கடினமானது என்று அஞ்சப்படும் மூன்றாம் வகைக்கு, 'இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' என்ற நேரிணை நம்மிடம் ஆயத்தமாக உள்ளது. இல்லாததைச் சொல்ல இறந்தகாலம் எதற்கு என்று வியக்கவும் வேண்டியதில்லை. 'நாளை வந்தால்' என்னும்போது 'வந்தால்' என்பதனுள் இருப்பதும் இறந்தகால இடைநிலையே. 'வரின்' என்ற பழைய 'செயின்' வாய்பாட்டில் அவ்விடைநிலை இல்லை. நன்னூல் அதனை எதிர்காலத்தில் வைக்கிறது. நிபந்தனை வினை காலத்தோடு கொள்ளும் உறவு நம் மொழியிலேயே மாறி வந்துள்ளது.

அளவுச் சொற்களும் இவ்வாறே. 'சிலர் வந்தனர்' என்பது 'எ ஃபியூ'. 'சிலரே வந்தனர்' என்பது 'ஃபியூ'. ஆங்கிலம் 'எ' என்னும் சிறுசொல்லை நீக்கிப் பெறும் பொருளைத் தமிழ் ஏகாரத்தைச் சேர்த்துப் பெறுகிறது. 'எல்லாரும் வரவில்லை' என்பதோ ஒருவரும் வரவில்லை என்றும், சிலர் வந்தனர் என்றும் இருபொருள் படும். முற்றும்மை எச்சப்பொருளும் தரும் என்று தொல்காப்பியம் இடையியலில் கூறுகிறது. எதிர்மறைத் தொடர்களைக் காட்டி உரையாசிரியர்கள் அதை விளக்குகின்றனர். இதை அறிந்த மாணவர் 'ஆல் டிட் நாட் கம்' என்று எழுதும் முன் நின்று, 'நாட் ஆல்' என்பதா, 'நன்' என்பதா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்.

பள்ளி இறுதிவரை தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வருபவர், நிபந்தனை, அளவு என்ற கருத்துகளே தமக்குப் புதியவை என்பதுபோல் நடத்தப்படுகிறார். அக்கருத்துகளைக் குழந்தைப் பருவம் முதல் ஆண்டுவருபவரை வெறுங்கையராக எண்ணச் செய்வது அநீதி. வேலைக்கான நேர்காணலில் அவர் வாய் மூடி நிற்பதற்கு அறியாமையைவிட இந்தத் தாழ்வெண்ணமே பெரிதும் காரணம் என்று கருதுகிறோம்.

தமிழை நடுவில் வைத்தால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் பழக்கம் வேரூன்றும் என்போர் உண்டு. அவ்வச்சம் நியாயமானது. ஆயினும் நாம் வேண்டுவது மொழிபெயர்ப்பன்று, ஒப்பீடு. பயிற்சித்தாளும் வேண்டும், பிரபு தந்த செயல்களும் வேண்டும். அவற்றைத் தொடங்கும் முன் 'இருந்தால்', 'இருந்திருந்தால்' என்ற இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, வேறுபாட்டை மாணவரையே சொல்லச் சொல்லலாம். தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரு மணி நேரம் ஒன்றாக அமர்ந்தால் இதற்கான பாடத்தை எழுதத் தொடங்கிவிடலாம்.