வேலம்பிசினும் வண்ணச் சித்திரமும்

கல்வராயன் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வருவோர் ஏரிகளில் கருவேல மரங்களைக் காண்பர். இவ்வேலமர இனத்துப் பிசினையே அரபு எழுத்தர் புகைக்கரியுடன் குழைத்து 'மிதாத்' எனும் மை செய்தனர். கரிக்குப் பதிலாக வண்ணப்பொடியை அப்பிசின்நீரில் அரைத்து, வெண்பொடியும் கூட்டினால், அடித்தாளை மறைக்கும் கனத்த வண்ணம் கிடைக்கும். ஐரோப்பியர் இதனைக் 'குவாஷ்' என்பர். பிசின் குறைந்தால் வண்ணம் உதிரும், மிகுந்தால் வெடிக்கும். மை காய்ச்சியோர் இதனை நன்கறிவர்.

அக்பர் காலத்து ஹம்ஸா நாமாவின் ஏறத்தாழ 1,400 படங்கள் இம்முறையில் துணிமீது தீட்டப்பெற்றவையே. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சித்திரக்காரர் கும்பெனி அதிகாரிகளுக்காகப் பல தொழிலாளரை மனைவியரோடு இணையிணையாகத் தாளில் வரைந்தனர். அவற்றுட் பல இன்று இலண்டனில் உள்ளன. ஏடெழுதிய காதிபு இறுதியில் தம் பெயரைப் பொறிப்பதுண்டு. இச்சித்திரங்களிலோ தொழிலின் பெயர் உண்டு, தீட்டியவர் பெயர் பெரும்பாலும் இல்லை.