கொல்லன் என்னுஞ் சொல்

நம் குலத்துப் பிள்ளைகள் பள்ளியினின்று மீண்டு வந்து, "கொல்லன் என்றால் கொல்பவன் என்று பொருளாமே, உடன் பயில்வார் நகைக்கின்றனர்" என்று பெற்றோரை வினவுதலை நாம் பன்முறை கேட்டுள்ளோம். சிலப்பதிகாரக் கதையைப் பாடமாகப் பயிலும் நாளில் அந்நகை பின்னும் மிகுகின்றது. விடை கூற அறியாது பெற்றோருந் தலை கவிழ்கின்றனர். அறியாமையால் நேர்ந்த இழுக்கைச் சினத்தால் நீக்குதல் இயலாது. ஆதலின் அச்சொல்லின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கொல் என்பது வினைச்சொல்லாய் நிற்குங்கால் உயிர் போக்குதலைக் குறிக்கும். பெயர்ச்சொல்லாய் நிற்குங்கால் இரும்பையும், இரும்பு வேலையையும், அவ்வேலை செய்வோனையுங் குறிக்கும். ஒலி ஒன்றாயினும் சொல் இரண்டு என்க. வில்லையுடையான் வில்லன் ஆயினாற்போலக் கொற்றொழில் உடையான் கொல்லன் ஆயினான். உயிர்க்கொலை புரிவானைக் கொலைவன், கொலைஞன் என்று வழங்கினரேயன்றிக் கொல்லன் என்று நம் முன்னோர் வழங்கிற்றிலர். பொன்னில் வேலை செய்வான் பொற்கொல்லன் எனப்படுகின்றான். அவன் பொன்னைக் கொல்பவனோ? கொல்லனது பட்டறைக்குப் பழம்பெயர் கொற்றுறை. கொல், துறை என்னும் இரு சொற்களும் புணர்ந்து அவ்வாறாயின.

இவ்வேர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தாரும் கொல்லன் என்றே கூறுவர். தெலுங்கில் கொலிமி என்பதும் கன்னடத்தில் குலுமெ என்பதும் உலையைக் குறிக்கும். பர்ரோ, எமெனோ என்னும் அறிஞர் இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, கொல்லுதலைக் குறிக்குஞ் சொற்களை ஓரிடத்தும், கொல்லன் தொழிலைக் குறிக்குஞ் சொற்களைப் பிறிதோரிடத்துமாகப் பிரித்தே வைத்துள்ளது.

இனிச் சான்றோர் செய்யுட்களில் இச்சொல் நின்ற நிலையை நோக்குவாம். புறநானூற்று 312-ஆம் பாட்டில், ஒரு வீரனை உலகிற்கு அளித்தலில் அவரவர்க்குரிய கடமையை வகுக்கின்றார் பொன்முடியார். தாய்க்கும் தந்தைக்கும் அடுத்தபடியாக அவர் வைத்தது கொல்லனை. வேந்தன் அவனுக்குப் பின்னரே வருகின்றான். அதே நூலின் 170-ஆம் பாட்டில், பகைவர் தாக்குதலுக்கு அசையாத பிட்டங்கொற்றனைப் புகழ வந்த புலவர், கொல்லனது சம்மட்டி எத்துணை ஓங்கி அடிப்பினும் தளராத உலைக்கல்லை உவமை கூறினார். 95-ஆம் பாட்டில் ஒளவையார், தொண்டைமானுடைய படைக்கலங்கள் நெய் பூசி அணி செய்து காக்கப்பட்டிருக்க, அதியமானுடையவை போரில் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்று நயம்படக் கூறினார். ஆண்டு வீரத்திற்குச் சான்றாய் நின்றது நம்மவர் பட்டறையே. குறுந்தொகை 172-ஆம் பாட்டோ, ஏழூர்க்கும் பொதுவாய் ஓரூரில் அமைந்த உலையின் ஓயாத துருத்தியைத் தலைவியின் வருந்தும் நெஞ்சிற்கு ஒப்பிடுகின்றது. ஏழூர் மக்கள் நாடி வந்த ஒருவனைக் கொலைத்தொழிலோன் என்று எவர் கருதுவர்?

பாடப்பட்டவர் மட்டுமல்லர், பாடினவரும் நம்மவருள் உளர். மதுரைப் பெருங்கொல்லன், மதுரைக் கொல்லன் வெண்ணாகனார், தங்காற் பொற்கொல்லனார் என்னும் பெயர்கள் சங்கப் புலவர் வரிசையில் விளங்குகின்றன. தொழிற்பெயரை இழிவென்று கருதியிருப்பின் அதனைத் தம் பெயரோடு சேர்த்து வழங்க இசைந்திருப்பரோ?

எஞ்சியது சிலப்பதிகாரம். அரசியின் சிலம்பைத் திருடிய அரண்மனைப் பொற்கொல்லன், அப்பழியைக் கோவலன்மேல் ஏற்றினான் என்பது கதை. "அவன் பொற்கொல்லன், நாமோ இருப்புக் கொல்லர்" என்று கூறித் தப்புதல் நமக்கு அழகன்று. பொன் வினைஞரும் நம் உடன்பிறந்தாரே. அக்காப்பியத்திலேயே பாண்டியன், ஆராயாது கொல்வித்த தானே கள்வன் என்று கூறி உயிர் துறந்தான். அதன்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சீற்றந் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்றும் காப்பியங் கூறுகின்றது. ஒருவன் பிழைக்கு ஆயிரவர் மாண்டனர். அத்துணைக்குப் பின்னும் அப்பழியை இன்று பள்ளி செல்லுஞ் சிறுவன் தோள்மேல் ஏற்றுதல் எந்த நீதி?

நீலகிரியில் வாழுங் கோத்தர் மொழியில் கொலேல் என்பதொரு சொல் உண்டு. கொல்லுலைக்கும் அதுவே பெயர். கோயிலுக்கும் அதுவே பெயர். தமிழுக்கு நெருங்கிய உறவுடைய அம்மொழி, கொல் என்னும் வேரிலிருந்து தெய்வம் உறையும் இடத்திற்கே பெயர் கண்டது.

ஆதலின், அன்பர்காள், நும் பிள்ளைகள் இனி இவ்வினாவொடு வருவாராயின் தலை கவிழாதீர்கள். இவ்வரலாற்றை அவர்க்கு எடுத்துரையுங்கள். நகைத்த தோழர்க்கு அவரே அதனைச் சினமின்றி எடுத்துரைப்பர். அதுவே நம் குலத்திற்குப் பெருமையாம்.