சுதந்திராக் கட்சி

தனிமனித உரிமை, சொத்துரிமை, தொழில் செய்யும் உரிமை ஆகியவற்றை முன்வைத்து 1959இல் சென்னையில் பிறந்து, 1974 வரை இயங்கிய இந்திய அரசியல் கட்சி. அரசின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட வேண்டும் என்பதையே தலையாய கொள்கையாகக் கொண்டு தேர்தலில் நின்ற இந்தியக் கட்சிகளில், மக்களவையின் பெரிய எதிர்க்கட்சியாக உயர்ந்தது இது ஒன்றுதான்.

கட்சியின் கொள்கைக்கு அதன் பிறப்புக்கு முன்பே ஒரு சோதனை நடந்துவிட்டது. போர்க்காலத்தில் வந்த உணவு தானியக் கட்டுப்பாடும் ரேஷனும் சென்னை மாகாணத்தில் 1952இலும் நீடித்தன. பின்னாளில் இக்கட்சியை நிறுவியவரும் அந்த ஆண்டு முதலமைச்சரானவருமான ராஜாஜி, ஜூன் மாதத்தில் அவற்றை நீக்கினார். விலை தாறுமாறாக ஏறும், பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினர். பஞ்சம் வரவில்லை, பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. விவசாயியையும் வியாபாரியையும் நம்பலாம் என்ற ராஜாஜியின் எண்ணம் ஏட்டுப்படிப்பில் வந்ததன்று, ஆட்சி அனுபவத்தில் உறுதிப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மத்திய அரசு எதிர்த்திசையில் சென்றது. 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டமும் 1956ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கைத் தீர்மானமும் தொழில்துறையை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தன. ஆலை தொடங்க ஓர் உரிமம். இயந்திரம் இறக்குமதி செய்ய வேறோர் உரிமம். பங்கு வெளியிட்டு மூலதனம் திரட்டத் தனி அனுமதி. உருக்குக்கும் சிமெண்டுக்கும் ஒதுக்கீடு. உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்தாலும் விதிமீறல். இந்த ஏற்பாட்டைத்தான் ராஜாஜி ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்றார். முதலாளிகள் சிரமப்படுகிறார்களே என்பதன்று அவருடைய வாதம். பர்மிட் கொடுக்கும் கட்சிக்கே தேர்தல் பணம் சேரும், பர்மிட் பெற்றவர் போட்டியில்லாமல் கொழிப்பார், புதிதாக வருபவர் வாசலிலேயே நிற்பார் என்பதே அவர் ‘கல்கி’யிலும் ‘சுவராஜ்யா’விலும் ஓயாமல் எழுதியது. பொருளியலறிஞர்களுள் பி.ஆர்.ஷெனாய் 1955இலேயே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மறுப்புக் குறிப்பு எழுதியிருந்தார். பற்றாக்குறை நிதியில் நிற்கும் திட்டம் பணவீக்கத்தில் முடியும் என்று எச்சரித்த அவர், அத்திட்டத்தை ஆராய்ந்த பொருளியலறிஞர் குழுவில் தனித்து நின்றார்.

கட்சி பிறக்க உடனடிக் காரணம் தொழில் அன்று, நிலம். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை இலக்காக அறிவித்தது. விவசாயிகளின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடுவது, உழைப்புக்கும் நிலத்துக்கும் ஏற்ப விளைச்சலைப் பங்கிடுவது என்பது திட்டம். உரிமை ஏட்டில் உழவனுக்கு இருக்கும். என்ன பயிரிடுவது என்ற முடிவு அவன் கையில் இராது. ஆந்திர விவசாயத் தலைவர் என்.ஜி.ரங்கா காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1959 ஜூன் 4ஆம் தேதி சென்னையில் புதுக் கட்சி அறிவிக்கப்பட்டது. ரங்கா தலைவரானார். ஒருகாலத்தில் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மினூ மசானி, கே.எம்.முன்ஷி ஆகியோர் உடன் நின்றனர். ராஜாஜிக்கு அப்போது வயது 80.

கட்சியின் கொள்கைகள் 21. கடைசிக் கொள்கை தனிச்சிறப்பானது: மற்ற இருபதில் அடங்காத எந்தப் பொருளிலும் உறுப்பினர் தம் விருப்பப்படி பேசலாம், வாக்களிக்கலாம். சுதந்திரத்தைப் பேசும் கட்சி அதைத் தன் உறுப்பினருக்கும் அளித்தது பாராட்டத் தக்கது.

1962 தேர்தலில் மக்களவையில் 18 இடங்கள் கிடைத்தன. ஜெய்ப்பூரில் மகாராணி காயத்ரி தேவி 1,92,909 வாக்குகள் பெற்று வென்றார். கட்சியின் பலமும் பலவீனமும் அந்த வெற்றியிலேயே தெரிகின்றன. ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் பிகாரிலும் கட்சிக்கு வாக்குச் சேர்த்தவர்கள் பழைய அரச குடும்பத்தார். சிறு விவசாயிக்காகத் தொடங்கிய கட்சி, ராஜாக்கள், ஜமீன்தார்களின் கட்சி என்ற பெயரைச் சுமந்தது. கடைசிவரை அதைக் களைய முடியவில்லை. உழவரே நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டா நிலங்களையும், அரசு எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடிய ‘எஸ்டேட்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்த 17ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை (1964) அது கடுமையாக எதிர்த்தது உண்மையில் சாதாரண உழவனுக்கான போராட்டமே. அதுவும் மிராசுதார்களுக்கான வக்காலத்தாகவே பார்க்கப்பட்டது.

உச்சம் 1967. மக்களவையில் 44 இடங்கள்; ஒரிசாவில் ஆர்.என்.சிங் தேவ் தலைமையில் கூட்டணி ஆட்சி. குஜராத்தில் முதன்மை எதிர்க்கட்சி. தமிழகத்தில் தி.மு.க.வுடன் கூட்டணி சேர்ந்து நட்சத்திரச் சின்னத்தில் 20 சட்டமன்ற இடங்களை வென்றது. ஆனால் கூட்டணித் தலைமைக் கட்சி மக்களிடம் சொன்னது ரூபாய்க்கு மூன்று படி அரிசி. தானியச் சந்தையைத் திறந்துவிட்டவர், அரசே விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்ன மேடைக்குத் துணை நின்றார். காங்கிரஸின் தனியாதிக்கத்தை உடைப்பதே முதல் வேலை என்று ராஜாஜி கருதினார். அந்தக் கணக்கு பலித்தது. கொள்கை ஓர் அடிகூட நகரவில்லை.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது, கட்சியின் பொதுச் செயலாளர் ஆர்.சி.கூப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். நானி பல்கிவாலா வாதாடினார். 1970 பிப்ரவரியில் வங்கி நாட்டுடைமைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அரசு புதிய சட்டம் இயற்றி வங்கிகளைத் தக்கவைத்துக்கொண்டது. அடிப்படை உரிமையை அரசின் நோக்கத்தை வைத்தன்று, குடிமகனுக்கு நேரும் பாதிப்பை வைத்தே அளக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்த அளவுகோல் நிலைத்தது. கட்சியின் நிலையான கொடை எது என்றால் இதையே முதலில் சொல்ல வேண்டும்.

1971 தேர்தலில் இந்திரா காந்தி அலையில் மிஞ்சியவை 8 இடங்கள். 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியின் பெரும்பகுதி பாரதிய லோக் தளத்தில் கலந்தது. அதன் தலைவர் சரண் சிங், 1959இல் நாகபுரி மாநாட்டிலேயே கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவர்.

1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிம முறையைக் கைவிட்டது காங்கிரஸ் அரசுதான். இடையே 1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 29ஏ பிரிவு, பதிவு பெற விரும்பும் கட்சி தன் விதிகளிலேயே சோஷலிசத்துக்கு விசுவாசம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதன்படி, 21 கொள்கைகளையும் அப்படியே ஏந்திவரும் ஒரு கட்சி, அந்த உறுதிமொழியைத் தராமல் இன்று இந்தியாவில் பதிவு பெற முடியாது.