வெனீர் மீது விழுந்த பழி

மட்டமான பலகையின் மேல் உயர்ந்த மரத்தின் மெல்லிய ஏடு (வெனீர்) ஒன்றை ஒட்டி விற்பது ஏமாற்று வேலை என்ற எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமில் வாழ்ந்த பிளினி, ஒரே மரத்தைப் பலமுறை விற்றுக் காசாக்கத்தான் அதை ஏடு ஏடாக அறுக்கிறார்கள் என்று தம் இயற்கை வரலாற்று நூலில் பொருமினார். சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65இல் எழுதிய நாவலில் ஒரு புதுப்பணக்காரக் குடும்பத்துக்கு 'வெனீரிங்' என்று பெயர் வைத்தபோது, லண்டன் வாசகர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சாட்சிகள் பெரியவர்கள்தான், ஆனால் வழக்கு தவறானது என்றே எனக்குப் படுகிறது. முழுப்பலகையால் முடியாத காரியங்களுக்காகத்தான் இந்தத் தொழில் வளர்ந்தது. ஏய்ப்பு பிற்காலத்தில் வந்து சேர்ந்துகொண்டது.

தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற எகிப்திய அமைச்சரின் கல்லறைச் சுவரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டுத் தச்சுப்பட்டறை ஒன்று வரையப்பட்டிருக்கிறது. நெருப்பின் மேல் பசைச்சட்டி. வெளிறிய மரத்தின் மேல் செந்நிற மர ஏட்டை ஒட்டும் வேலை நடக்கிறது. எகிப்தில் நல்ல மரம் கிடையாது, கருங்காலி தெற்கேயிருந்தும் தேவதாரு லெபனானிலிருந்தும் வரவேண்டும், ஆகவே இது பஞ்சத்துக்குச் செய்த சிக்கனம் என்று வாதிடலாம். பாதி உண்மை. ஆனால் துட்டன்காமுனின் கல்லறையில் முழுக் கருங்காலியில் செய்த சிறு நாற்காலியும் இருந்தது, கருங்காலி ஏடும் தந்தமும் ஒட்டிய பெட்டிகளும் இருந்தன. விலையைக் கண்டு தயங்கவேண்டிய நிலையில் அந்த அரண்மனை இல்லை. அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய சக்காரா படிக்கட்டுப் பிரமிடில், ஒன்றுக்கொன்று குறுக்காக ரேகை ஓடும்படி ஆறு அடுக்கு மெல்லிய பலகைகளைச் சேர்த்துச் செய்த சவப்பெட்டி கிடைத்தது. பலகை கோணிக்கொள்ளும் என்பதும், குறுக்கே இன்னொன்றை வைத்தால் அடங்கும் என்பதும் அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருக்கின்றன.

விஷயத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. மரம் வெட்டிய பிறகும் அடங்குவதில்லை. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ரேகைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும். வேர்க்கணு, கிளை பிரியும் கவட்டை, முண்டு ஆகிய இடங்களில்தான் சித்திரம் போன்ற ரேகைகள் கிடைக்கும். அங்கேதான் நார் தாறுமாறாகவும் ஓடும். அவற்றை அகலமான முழுப்பலகையாக அறுத்தால் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வால்நட் கிளைகளைக் குறுக்கே வில்லை வில்லையாக அறுத்து ஒட்டினார்கள். அந்த அழகுக்கு வேறு வழி கிடையாது. அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரேகைகள் கண்ணாடிப் பிம்பமாகப் பொருந்துவதும் முழுமரத்தால் ஆகாது. வேலை தெரிந்தவர் பலகையின் பின்பக்கத்திலும் ஓர் ஏட்டை ஒட்டுவார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது பலகை அந்தப் பக்கமாக வளைந்துவிடும். யாரும் பார்க்காத முதுகுக்கும் செலவு செய்கிற இந்த வழக்கத்தை ஏமாற்றுக்காரன் ஏன் கடைப்பிடிக்கப்போகிறான்? 1672இல் லூவ்ர் அரண்மனையிலேயே இடம் பெற்ற தச்சர் ஆந்த்ரே-ஷார்ல் பூல் பித்தளையும் ஆமை ஓடும் இழைத்துச் செய்த அலமாரிகளை வாங்கிய பிரபுக்கள், அவை முழுப் பித்தளை என்று நம்பி வாங்கவில்லை.

பிறகு பழி எங்கிருந்து வந்தது? இயந்திரத்திலிருந்து என்பதே என் பதில். கையால் அறுத்த காலத்தில் ஏடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். தேய்த்தால் தாங்கும், பழுது பார்க்கலாம். மார்க் பிரூனெல் 1806இல் வெனீர் அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, பேட்டர்சீயில் ஆலை வைத்தார். ஏடு மெலிந்தது, மலிந்தது. சரியாகக் காயாத பைன் பலகை மேலெல்லாம் மகாகனி ஏறியது. டிக்கன்ஸ் கண்டது அந்தச் சரக்கை. பிளினியின் கோபத்தையோ இப்படித் தள்ளிவிட முடியாது, அவர் காலத்தில் ஆலை இல்லை. ஆனால் அவர் கடிந்தது ஆடம்பரத்தை. சிசரோ 5,00,000 செஸ்டர்ஸ் கொடுத்து வாங்கிய சிட்ரஸ் மர மேசையையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

ஆலைகள் பெருகிய பின்னும் சிறு பட்டறையில் இந்த வேலை பிழைத்தது பசையின் தயவால். நம் ஆசாரிமார் வச்சிரம் என்று சொல்லும் தோல்-எலும்புப் பசையை ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துச் சுமார் 60 பாகை சூட்டில் உருக்குவார்கள். கொதித்தால் வலு போய்விடும். ஏட்டை விரித்து, பட்டையான முனையுள்ள சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசையைத் தள்ளினால், ஆறும்போதே அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தும் இயந்திரம் எதுவும் தேவையில்லை. மழைக்காலத்து ஈரத்தில் பிடி தளரும், பூஞ்சை பிடிக்கும் என்பது நியாயமான குறை. இந்தியாவில் 1959இல் வந்த ஃபெவிகால் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. சட்டியும் அடுப்பும் வேண்டாம் என்றானபின் வீட்டுத் திண்ணையிலும் வெனீர் ஒட்டலாம். ஆனால் வச்சிரம் ஈரச்சூட்டுக்கு இளகிக்கொடுக்கும். ஏடு எங்காவது உப்பினால் ஈரத்துணியும் இஸ்திரிப்பெட்டியும் கொண்டு அதைத் திரும்பப் படியவைக்கலாம். பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுபவர்கள் இன்னும் அதைக் கைவிடாததற்கு அதுவே காரணம்.